வீடற்றோரும் எமது எழுத்தும்

தவணைப் பரீட்சையின் கட்டுரைத் தாள்களைத் திருத்துவது தமிழாசிரியர்க்கு மீண்டும் மீண்டும் வந்துபோகும் கடமை. அதனை இலக்கிய விமர்சனம் என்று எவரும் கொள்வதில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்கு எவ்வகை மொழியைக் கற்பித்திருக்கிறது, அம்மொழியால் எதனைக் காணவும் எதனைக் காணாதிருக்கவும் பழக்கியிருக்கிறது என்பதை அறிய விரும்புவோர், புகழ்பெற்ற நாவல்களைப் புரட்டுவதற்கு முன்னர் பத்தாம் தரத்து மாணவரின் கட்டுரைகளைப் படித்துப் பார்ப்பது நன்று.

கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் நாம், அண்மையில் ஒரு தவணைப் பரீட்சைக்கு, “எமது நகரில் வீடற்றோருக்கு உதவும் வழிகள்” என்னும் தலைப்பைக் கொடுத்திருந்தோம். சமுதாயப் பிரச்சினையொன்றை மாணவர் சிந்திக்கட்டும் என்பதே எமது நோக்கம்.

வந்த கட்டுரைகள் பெரும்பாலும் பிழையற்றிருந்தன. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் ஒழுங்கு பேணப்பட்டிருந்தது. பழமொழிகள் உரிய இடங்களில் அமர்ந்திருந்தன. வீடற்றோர் பாவப்பட்டவர்கள், தெருவோரத்தில் மழையிலும் வெயிலிலும் வாடுபவர்கள், அவர்களுக்கு உணவுப் பொதி கொடுக்க வேண்டும், பழைய உடுப்புகளைத் துவைத்துக் கொடுக்க வேண்டும், பிறந்தநாட் செலவைச் சுருக்கி ஒருநேரச் சாப்பாடு வழங்க வேண்டும், கண்டால் முகஞ்சுளிக்காது அன்பாகப் பேச வேண்டும். எல்லாம் நல்லெண்ணங்களே. ஒரு மாணவன் இவற்றைப் பிறரினும் அழகாக எழுதியிருந்தான். “கருத்தும் நடையும் நன்று” எனச் சிவப்பு மையாற் குறித்து, வகுப்பிலேயே உயர்ந்த புள்ளியை அவனுக்கு வழங்கினோம்.

சில வாரங்களின் பின் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு அவனுடைய தாயார் வரவில்லை. வேறோர் அலுவலாக அவ்வழியே சென்ற நாம் அவர்களுடைய படலையில் நின்று கூப்பிட்டோம். வீடு என்று சொல்லத்தக்கது அங்கே இல்லை. யன்னல் உயரத்தோடு நின்றுவிட்ட சீமெந்துக் கற்சுவர்கள். அவற்றினுள்ளே முழங்காலளவு புல். சுவரோடு சாய்த்து இறக்கிய தகரக் கொட்டில். அதன் ஒரு பக்கத்தை மறைத்துப் பழைய தறப்பாள். வீடமைப்புத் திட்டமொன்றின் முதற் தவணைப் பணத்தோடு எழுந்த சுவர், அடுத்த தவணைப் பணம் வராமையால் அப்படியே நின்றுவிட்டதாம். “இருங்கோ சேர்” என்று தாயார் அங்கிருந்த ஒரேயொரு பிளாஸ்ரிக் கதிரையை எம் முன்னே வைத்தார். மாணவன் எமது முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிரவு அக்கட்டுரையை மீண்டும் படித்தோம். “வீடற்றவர்கள்”, “அவர்கள்”, “அவர்களுக்கு நாம்”. தன்னையும் தன் தாயையும் அவன் ஓரிடத்திலேனும் குறிப்பிடவில்லை. வெட்கத்தால் மறைத்தான் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. தன் நிலையை உள்ளடக்கக்கூடிய ஒரு வாக்கியத்தை எவரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை என்பது மறுபாதி. கட்டுரையில் வரும் ‘நாம்’ வீடுள்ளவர், கொடுப்பவர். வீடற்றவர் கட்டுரைக்குள் வரலாம். கட்டுரையை எழுதுபவராக இருக்க முடியாது. நாம் கற்பித்த இலக்கணம் இதுவே. ஆகவே குற்றம் மாணவனைச் சாராது. புள்ளி வழங்கிய எம்மையும், எமக்கு அப்பார்வையைத் தந்த எழுத்தையும் சாரும். அவ்வெழுத்தையும் அதனோடு ஒட்டிய உதவி முறைகளையும் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

* * *

போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் வன்னியைப் பற்றி எழுந்த கதைகளும் கவிதைகளும் மிகப் பல. அவற்றுட் காலத்தால் அழியாதன சில உள. ஆயினும் வாரமலர்களிலும் சிறப்பு மலர்களிலும் மலிந்து கிடக்கும் ஒருவகைக் கதையை வாசகர் நன்கறிவர். மழை பெய்கிறது. தறப்பாள் ஒழுகுகிறது. கிழவியொருத்தி இருமுகிறாள். குழந்தை பசியால் அழுகிறது. இறுதியிலே வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் வாகனத்திலிருந்து இறங்குகிறார். கிழவியின் கண்களில் நீர் மல்குகிறது. அவரைக் கடவுள் என்கிறாள். கதை முடிகிறது.

இக்கதையிற் கூறப்படுவன பொய்யல்ல. மழையும் உண்மை, இருமலும் உண்மை, வாகனத்தில் வந்தவரின் நல்லெண்ணமும் உண்மையாகவே இருக்கலாம். கூறப்படாதவற்றிலேயே குறை இருக்கிறது. கிழவிக்கு ஊர்ப்பெயர் இல்லை. அவள் குடியிருக்கும் காணி யாருடையது, அதற்கு அவளிடம் என்ன கடதாசி இருக்கிறது, பிரதேச செயலகத்துக்கு அவள் எத்தனை முறை நடந்தாள், அங்கே அவளிடம் என்ன கேட்டார்கள், ஒரு பை சீமெந்து என்ன விலை, அவளுடைய பழைய ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பவற்றில் ஒன்றையேனும் கதாசிரியர் எமக்குச் சொல்வதில்லை. வறுமை மழைபோல் வானத்திலிருந்து வந்ததாகவும், உதவியும் வானத்திலிருந்தே வருவதாகவும் கதை அமைகிறது. காரணம் நீக்கப்பட்ட துன்பம் இரக்கத்தை எழுப்பும், வினாவை எழுப்பாது. வினா எழாதவிடத்து உதவி தானத்தின் எல்லையைத் தாண்டுவதில்லை.

தானத்தைப் போற்றுவது தமிழ் மரபு. அதனைக் குறை கூறுதல் தகுமோ என்று சிலர் வினவக்கூடும். அவர்கள் மரபை முழுமையாகப் படிக்கவில்லை என்பதே எமது விடை. பசித்தோர்க்கு உணவிட்ட காப்பியத்தலைவி மணிமேகலை, அமுதசுரபியை ஏந்தி உலகவறவி என்னும் பொது அம்பலத்துக்குச் செல்கிறாள். ஆதரவற்றோர் தங்கும் இடம் அது. அவளும் அங்கேயே தங்குகிறாள். பின்னர்ச் சிறைக்கோட்டம் புகுந்து அங்குள்ளோர்க்கு உணவளித்தபோது, அவள் வேண்டுவது யாதென அரசன் வினவுகிறான். மேலும் சோறு வேண்டுமென்று அவள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு கேட்கிறாள், அவ்வாறே ஆகிறது. பசியைத் தீர்க்கும் கை, துன்பத்தை அடைத்து வைத்திருக்கும் நிறுவனத்தையே மாற்றக் கேட்கிறது. சாத்தனார் கண்ட இந்தப் படியை எமது தறப்பாட் கதைகள் இன்னும் எட்டவில்லை.

புறநானூற்றிலே பாரியின் மகளிர் பாடியதாக வரும் பாடலையும் எண்ணிப் பார்க்கலாம். தந்தையை இழந்து, ஊரை இழந்து, கபிலரின் துணையோடு அலைந்த அப்பெண்கள் தமக்குக் கூரை இல்லையென்று அழவில்லை. தமது குன்று பிறர் கையிற் போயிற்று என்றே சொன்னார்கள். வீடின்மையின் அடியிலே நிலமின்மை கிடக்கிறது என்பதை ஐந்தே அடிகளில் உணர்த்திய பாடல் அது.

இவற்றைப் பாடமாக்கிய எமது கண்முன்னே 2009 இல் நிகழ்ந்தது யாது? வவுனியா மாவட்டத்துச் செட்டிக்குளத்திலே, மெனிக் பாம் என்னும் இடத்தில், போரிலிருந்து தப்பி வந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். அதற்கு நலன்புரி நிலையம் என்று பெயர். அதன் பிரிவுகளுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் எனத் தமிழ்ப் பெரியோரின் பெயர்களைச் சூட்டினர். கீழைத்தேயக் கலையின் பொருளை உலகுக்கு உரைத்த பேரறிஞரின் பெயர் கூடாரமொன்றின் முகவரியாயிற்று. காப்பியத்திலே சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறியது. எமது காலத்திலே வேலியிட்ட கோட்டம் மாறவில்லை. அறத்தின் பெயர் மட்டும் அதற்கு இடப்பட்டது. 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. அங்கிருந்தோர் அனைவரும் அதனால் வீடடைந்தனர் என்று கொள்ளலாகாது.

நிலத்தோடு சேர்த்து மனிதரைக் கண்ட எழுத்து எம்மிடம் இல்லாமலில்லை. 1973 இல் வெளியான அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட நாவல். காடும் குளமும் வயலும் அதிற் பின்னணிக் காட்சிகளாக நிற்கவில்லை. மாந்தரின் வாழ்வே அவற்றிற் கட்டுண்டிருக்கிறது. நிலத்திலே பொந்தமைத்து வாழும் சிறுபறவையின் பெயரை நூலுக்கு இட்டதன் பொருத்தம் இதுவே. அந்தத் தண்ணிமுறிப்பு மக்கள் 1984 இன் இறுதியில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. போர் முடிந்த பின்னரும் அவர்கள் திரும்பிச் செல்வதற்கு வனத் திணைக்களத்தின் எல்லைக்கற்கள் தடையாயின. ஈழத்து இலக்கியத்திலே வன்னிக்கு முகவரி தந்த ஊர், தன் மக்களுக்கு முகவரி தர இயலாத ஊராயிற்று. நூலுக்கு விழாவெடுத்த நாம் இதனைப் பற்றி எவ்வளவு எழுதினோம்?

2015 இல் வெளியான சயந்தனின் ‘ஆதிரை’யையும் இவ்வகையிற் குறிப்பிடல் வேண்டும். மலையகத்திலிருந்து வன்முறைக்குத் தப்பி வன்னிக் காட்டோரத்துக்கு வந்த மக்களையும் போர்க்கதையின் நடுவே நிறுத்தியது அந்நாவல். வன்னியின் வீடின்மை 2009 இல் தொடங்கியதன்று என்பதை அது வாசகருக்கு நினைவூட்டுகிறது. இத்தகைய எழுத்தைப் படித்தவர், தறப்பாளைக் கண்டவுடன் பணப்பையைத் தேடுவதற்கு முன்னர், இது யாருடைய காணி என்று கேட்பார்.

* * *

அவ்வினாவோடு வன்னியில் வீடற்றோர்க்கு உதவிய வரலாற்றைச் சற்று நோக்குவோம். எமது நகரே அவ்வரலாற்றிற் பிறந்ததாகும். 1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, யாழ்ப்பாணத்தின் மக்கள் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டுக் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று. அன்று கொடுக்கப்பட்டது உணவுப் பொதியன்று. காணி, அக்காணிக்கு இரணைமடுக் குளத்தின் நீர், அந்நீரை நம்பிச் செய்யக்கூடிய வயல் என்பனவே. இன்று தம்மைப் பரம்பரைச் சொந்தக்காரர் என்று கருதும் குடும்பங்கள் பலவற்றின் பாட்டனார் காணியற்றவராக இங்கு வந்தவரே. அச்சட்டம் குற்றமற்றதென்று சொல்ல வரவில்லை. பின்னுரித்தாளி பெயரிடப்படாதவிடத்து அது மகளைப் பின்தள்ளி மகனை முன்னிறுத்திற்று. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் வரும்வரை அந்த அநீதி நீடித்தது. ஆயினும் காணியும் நீரும் தொழிலும் சேர்ந்ததே குடியிருப்பு என்னும் உண்மை அதில் இருந்தது.

1970களின் பஞ்சத்தாலும் 1977 ஆம் ஆண்டின் இனவன்முறையாலும் துரத்தப்பட்டு மலையகத் தோட்டத் தொழிலாளர் பலர் வன்னிக்கு வந்தனர். வவுனியாவைத் தளமாகக் கொண்டு இயங்கிய காந்தீயம் அவர்களைக் குடியமர்த்தும் பணியில் இறங்கிற்று. அதனை நடத்தியோரில் ஒருவர் மருத்துவர் இராஜசுந்தரம். மற்றவர் கட்டடக்கலைஞர் டேவிட். மாளிகைகள் வரையக் கற்ற ஒருவர் காடோரத்துக் கொட்டில்களுக்கு நிலம் தேடிச் சென்றது சிந்திக்கத்தக்கது. நிலத்தோடு முன்பள்ளியும் பிள்ளைகளுக்குச் சத்துணவும் தேவை என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தனர். இருவரும் 1983 இல் கைது செய்யப்பட்டனர். இராஜசுந்தரம் அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட், நெடுங்காலம் இந்தியாவில் வாழ்ந்து, 2015 இல் கிளிநொச்சியிலே காலமானார். உணவுப் பொதி கொடுத்தமைக்காக எவரும் சிறை சென்றதாக நாம் அறியோம். நிலமற்றோரை நிலத்தில் இருத்துவது அதிகாரத்தைத் தொடும் செயல். அதனாலேயே அதற்கு இத்தகைய விலை கேட்கப்படுகிறது.

போரின் பின் வந்த உதவிகளுட் பெரியது இந்திய வீடமைப்புத் திட்டம். வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள். வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. பணம் தவணை தவணையாகக் குடும்பத்தின் கைக்கே வந்தது. குடும்பமே நின்று கட்டியது. பயனாளியைத் தன் வீட்டின் கட்டுநராக மதித்தமை அத்திட்டத்தின் சிறப்பு. குறையும் உண்டு. ஐந்தரை இலட்சம் போதாமையால் நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் கூரை போட்டவர்கள் பலர்; கணவனை இழந்த பெண்கள் இதிற் கூடுதலாகத் துன்புற்றனர். இதனினும் பெரிய குறை, காணிக்கு ஆவணம் இல்லாதவருக்கு வீடு இல்லை என்னும் நிபந்தனை. மலையகத்திலிருந்து வந்து பிறர் காணியிலோ அனுமதிப்பத்திரம் இல்லாத அரச காணியிலோ ஒரு தலைமுறைக்கு மேலாக இருந்தவர்கள், எல்லாரினும் வறியவர்களாக இருந்தும், பட்டியலுக்கு வெளியே நின்றனர். வீடு மிகவும் தேவைப்பட்டவரே வீடு பெறும் தகுதியற்றவர் ஆயினார்.

2015 இன் பின் வந்த அரசு 65,000 பொருத்து வீடுகளை அறிவித்தது. உருக்கினாலான அவ்வீடொன்றுக்கு முதலிற் சொல்லப்பட்ட விலை சுமார் 21 இலட்சம் ரூபா. எமது வெயிலுக்கும் உவர்க்காற்றுக்கும் அது ஏற்குமா, அடுப்பு எங்கே எரியும் என்னும் வினாக்கள் எழுந்தன. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர் அதன் குறைகளை எடுத்துக் காட்டினர். ஈற்றில் அத்திட்டம் அறிவித்தபடி நிறைவேறவில்லை. எமது மண்ணிலே கல்லரிந்து, எமது மேசன்மாருக்கும் தச்சருக்கும் கூலி கொடுத்து, அதே பணத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டலாம் என்பதைச் சொல்வதற்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை. வீட்டில் இருக்கப் போகிறவரைக் கேட்டிருந்தாலே போதும். கேரளத்திலே நெடுங்காலம் எளியோர்க்கு வீடமைத்த லோரி பேக்கர் செய்தது இதுவே. உள்ளூர்ச் செங்கல்லையும் உள்ளூர்க் கைகளையும் கொண்டு, குடியிருப்போரோடு பேசிப் பேசி அவர் கட்டினார்.

2019 ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தின் பின், அரச வீடமைப்புத் திட்டத்தில் அத்திவாரமிட்ட பல குடும்பங்களுக்குத் தவணைப் பணம் நின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சீமெந்தின் விலை இரு மடங்குக்கும் மேலாயிற்று. இருந்த கொட்டிலையும் பிரித்து, கடனும் பட்டு, அரைச்சுவரின் முன்னே நின்ற குடும்பங்களை வன்னியின் எந்த ஒழுங்கையிலும் காணக்கூடியதாயிருந்தது. இவர்கள் பட்டியலில் வீடு கிடைத்தவர்கள், உண்மையில் வீடற்றவர்கள். எமது மாணவன் இவர்களுள் ஒருவன்.

கேப்பாப்பிலவின் கதை இதற்கும் ஒரு படி மேலானது. மெனிக் பாம் மூடப்பட்டபோது அவ்வூரவர் தமது காணிக்கு அனுப்பப்படவில்லை; காணி படைமுகாமாக இருந்தது. மாதிரிக் கிராமமொன்றில் அவர்களுக்கு மாற்று இடமும் வீடும் வழங்கப்பட்டன. தானத்தின் கணக்குப்படி விடயம் அத்தோடு முடிந்தது. மக்களின் கணக்கு வேறு. 2017 சனவரி இறுதியில் பிலக்குடியிருப்பு மக்கள், பெண்களும் குழந்தைகளுமாகத் தமது காணியின் வாசலிலே, தெருவோரத்தில், இரவும் பகலும் அமர்ந்தனர். ஒரு மாதத்தின் பின், மார்ச்சு முதலாந் திகதி, அவர்களுடைய காணி விடுவிக்கப்பட்டது. கேப்பாப்பிலவின் ஏனைய மக்களின் போராட்டம் அதன் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. கூரையுள்ளவர்கள் தெருவில் வந்து படுத்து, நாங்கள் வீடற்றவர்கள் என்று நாட்டுக்குச் சொன்னார்கள். வீடு என்பதற்கு எமது அகராதிகள் தராத விளக்கத்தை அவர்கள் தந்தார்கள். வீட்டுப் பிரச்சினையை ஆளுவோர் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறார்கள் என்று 1872 இல் ஏங்கல்ஸ் ஐரோப்பிய நகரங்களைப் பார்த்துக் கூறிய கருத்து, வன்னிக் காட்டுக்கும் பொருந்தி வருவதைக் காண்கிறோம்.

* * *

அங்ஙனமாயின் உதவும் வழிதான் யாது என்று வாசகர் கேட்பர். மாணவருக்குத் தலைப்புக் கொடுத்த நாம் அதற்கு விடை கூறாது நழுவலாகாது.

முதலாவது, காணியின் கடதாசி. போரிலே உறுதியும் அனுமதிப்பத்திரமும் பெட்டியோடு எரிந்தவர்கள் பலர். காணிப் பதிவகத்திலே பதிவுப் பிரதி பெறலாம் என்பதையும், பத்திரம் தொலைந்தவர் பிரதேச செயலகத்துக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது என்பதையும் அறியாதோர் இன்னும் உளர். அரச படிவங்களின் தமிழ் எமக்கே சில வேளை விளங்குவதில்லை. ஆறாம் தரத்தோடு நின்ற தாயொருத்திக்கு எப்படி விளங்கும்? தமிழ் கற்ற ஒருவர், மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு மேசையோடு அமர்ந்தால், ஆயிரம் உணவுப் பொதிகளால் ஆகாதது ஆகும். காணிக் கச்சேரியோ நடமாடும் சேவையோ நடைபெறும் நாளில் அம்மக்களோடு கூடச் செல்வதும் உதவியே. தனியே செல்பவரிடம் நாளைக்கு வா என்பவர், கூட்டமாகச் செல்பவர்களிடம் அவ்வாறு சொல்லத் தயங்குவார்.

இரண்டாவது, புதிய வீட்டுக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன் அரைவீட்டை முடித்தல். அடிக்கல் விழாவிலே நிழற்படம் உண்டு. பாதிச் சுவருக்குக் கூரை போடுவதில் விழா இல்லை. புலம்பெயர்ந்த எமது உறவினர்க்கு இதனைப் பணிவோடு சொல்வோம். உங்கள் உழைப்பிற் கழித்து அனுப்பும் பணம் மதிப்புக்குரியது. அதனை ஊரின் கிராம அபிவிருத்திச் சங்கத்தினூடாகவோ மாதர் சங்கத்தினூடாகவோ கொடுங்கள். யாருக்கு முதலிற் கூரை வேண்டும் என்பதை ஊரே கூடித் தீர்மானிக்கட்டும். கணக்கை எல்லாரும் அறிய வாசிக்கட்டும். வாசலிலே உங்கள் பெயர் பொறித்த கல்லை மட்டும் வைக்க வேண்டாம். அவ்வீட்டுப் பிள்ளை தினமும் அதனைத் தாண்டியே பாடசாலைக்கு வரவேண்டியிருக்கிறது.

மூன்றாவது, நகரத்தின் தெருவோரத்தில் இருப்போர். வவுனியாவின் பேருந்து நிலையத்திலும் கிளிநொச்சியின் சந்தைப் பக்கத்திலும் இரவைக் கழிக்கும் முதியோரையும் மனநோயுற்றோரையும் நாம் காண்கிறோம். இவர்களுக்கு இன்று சோறு வேண்டும் என்பதை மறுப்பவரல்லோம். ஆயினும் முகவரி இல்லாதவருக்குக் கிராம அலுவலர் இல்லை. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் இல்லையேல் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லையேல், 2023 இல் தொடங்கிய அஸ்வெசும போன்ற கொடுப்பனவுகளும் இல்லை, வாக்கும் இல்லை. சோற்றோடு சேர்த்து அவருடைய பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டு போய், உரிய அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் அவருக்காக நிற்பதே தொடர்ச்சியான உதவி.

நான்காவது, எழுதுவோரின் கடமை. இரக்கத்தை எழுதாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. இரக்கத்துக்கு முகவரியும் விலைப்பட்டியலும் சேருங்கள். கிழவியின் ஊர்ப்பெயரை எழுதுங்கள். அவளைக் கும்பிட வைப்பதற்கு முன் பேச வையுங்கள். அவள் கோபப்படவும் கூடும். அக்கோபத்துக்குக் கதையில் இடங்கொடுங்கள்.

* * *

அடுத்த தவணையிலே தலைப்பை மாற்றினோம். “எமது குடியிருப்பும் அதற்கு வேண்டியனவும்” என்று கொடுத்தோம். அம்மாணவன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். பழமொழி இல்லை, முடிவுரையும் இல்லை. “எங்கள் வீட்டுக்கு இன்னும் கல் வேணும்” என்று தொடங்கி, எத்தனை வரிசைக் கல், எத்தனை பை சீமெந்து, எத்தனை லோட் மணல், கூரைக்கு எவ்வளவு தகரம், ஒவ்வொன்றும் இன்றைய விலைப்படி என்ன, அம்மா யாரிடம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறா, மாதம் எவ்வளவு கட்டுகிறா என்று வரிசையாக எழுதியிருந்தான். எழுத்து வழக்கிலே பிழைகள் இருந்தன. நாம் திருத்திய கட்டுரைகளுள் இதனினும் உயர்ந்ததொன்றைக் கண்டதில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, நெடுநேரம் எதுவும் எழுதாது வைத்திருந்தோம்.

தமிழிலே கேட்போரையும் உளப்படுத்தும் ‘நாம்’ உண்டு. கேட்போரை விலக்கி நிற்கும் ‘நாங்கள்’ உண்டு. மாணவன் “எங்கள் வீடு” என்றே எழுதியிருந்தான். அந்தச் சொல்லில் ஆசிரியர் இல்லை, வாசகர் இல்லை, ஊர் இல்லை. இலக்கணப்படி அது சரியே. அவனுடைய அரைச்சுவரை எம்மில் எவரும் எமது சுவர் என்று இதுவரை கருதவில்லை. அவ்வாறு கருதி, கல்லும் மண்ணும் கடதாசியுமாக அவன் படலைக்குப் போய் நிற்கும் நாளிலேயே எமது கட்டுரைகளில் ‘நாம்’ என்று எழுதும் உரிமை எமக்கு உண்டாகும். அதுவரை அச்சொல் எமக்குக் கடனாகவே இருக்கும். இவ்வாண்டு மாரி தொடங்குமுன் எமது வகுப்பு மாணவர் சிலரும், ஊர்ச் சங்கத்தினரும், நாமும் சேர்ந்து அக்கடனைக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். சுவர் இரண்டு வரிசை உயர்ந்திருக்கிறது.